அடுப்பின் திறவுகோல் எவர் கையில்?

மின்கருவிக் கடைகளுள் இற்றை நாளிற் புகுவார்க்கு ஒரு புதுமொழி தவறாது காதில் விழுகின்றது. குளிர்ப்பெட்டியாயினும், வெதுப்படுப்பாயினும், காற்றில் வறுக்கும் கலனாயினும், வெறும் வெந்நீர்க் கெண்டியே ஆயினும், "இதனைத் திறன்பேசியிலிருந்தே இயக்கலாம்" என்று விற்போர் கூறுகின்றனர். கூறுங்கால் அவர்தம் முகத்தில் ஒரு பெருமிதமும், விலைச்சீட்டில் அதற்குத் தக்க ஏற்றமும் காணப்பெறுகின்றன. செயலி ஒன்றைத் திறன்பேசியில் இறக்கிக்கொள்ள வேண்டும். பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். வீட்டின் அருகலையோடு கருவியைப் பிணைக்க வேண்டும். அதன்பின் அலுவலகத்தில் இருந்தவாறே அடுப்பை மூட்டலாமாம். வாங்குவோருள் பலர் இது தேவைதானா என்று கேட்பதில்லை. கேட்டாற் பழம்பசலி என்று பிறர் நகைப்பரோ என்னும் கூச்சம் அவர்தம் வாயை அடைக்கின்றது.

அக் கூச்சத்திற்குச் சற்றும் இடமில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் உலக்கையும் தமிழ்ப் பெண்டிரின் தோளையும் இடுப்பையும் எத்துணைத் தலைமுறை தேய்த்தன என்பதை அறிந்தவர் எவரும், மின்னாற்றல் அடுக்களைக்குள் நுழைந்ததைப் பழிக்கமாட்டார். அரைத்துத் தேய்ந்த கைக்கு ஓய்வளித்த பொறி வாழ்த்துதற்குரியது. பொறி வேண்டுமா வேண்டாவா என்பதை எவரும் இன்று வினவவில்லை. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்த பொறிக்குக் கட்டளையிடுவோர் எவர் என்பதே வினா.

1955-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்க. சோறுண்ணும் மக்கள் வாழும் இரு நாடுகளில் அவ் வாண்டில் இரு கருவிகள் தோன்றின. ஒன்று, கோவையிற் சபாபதி என்பார் செய்தளித்த மின்னாட்டுக்கல்; மக்கள் வாயில் அது 'கிரைண்டர்'. மற்றொன்று, சப்பானில் தோசிபா நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த மின்சோற்றுக்கலன்.

சப்பானியக் கலனின் வரலாறு சொல்லத்தக்கது. தோசிபாவிற்காக அதனைப் படைத்தவர் யோசிததா மினாமி என்னும் சிறுபட்டறைக்காரர். சோறு வெந்துவிட்டது என்பதைப் பொறி எங்ஙனம் அறியும் என்பதே அவர்க்கிருந்த சிக்கல். அதனைத் தீர்ப்பதற்குப் பெரும்பாடு பட்டவர் அவர்தம் மனைவி பூமிகோ. அவர் நாள்தோறும் மீண்டும் மீண்டும் உலைவைத்து, நீரளவையும் வெப்பநிலையையும் நேரத்தையும் குறித்துக் குறித்து ஆய்ந்தார். இறுதியிற் கண்ட வழி வியப்பூட்டும் அளவிற்கு எளியது. உட்கலத்தில் அரிசியும் உலைநீரும். வெளிக்கலத்தில், ஏறத்தாழ இருபது நிமையத்தில் ஆவியாகித் தீரும் அளவிற்குச் சிறிது நீர். அந் நீர் உள்ளவரை வெப்பம் நூறு பாகைக்கு மேல் ஏறாது. நீர் தீர்ந்ததும் வெப்பம் விரைந்தேறும். அவ் வேற்றத்தால், இருவேறு மாழைகளை ஒட்டிச் செய்த தகடு ஒன்று வளைந்து மின்னோட்டத்தை அறுக்கும். அந்நேரம் அடுக்களையில் ஒருவரும் இல்லாவிடினும் சோறு கருகாது.

இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் மின்சோற்றுக்கலனில் உள்ளது இதனினும் நுட்பமான அமைப்பு. கலத்தின் அடியில் ஒரு காந்தம் உண்டு. ஏறத்தாழ 103 பாகை செல்சியசில் ஈர்ப்பை இழக்கும்படி அமைந்த பொருள் அதில் உள்ளது. நீர் வற்றிச் சோறு வெந்தவுடன் வெப்பம் அவ்வளவை எட்டுகின்றது, காந்தத்தின் பிடி நழுவுகின்றது, சுருள்வில் தள்ளுகின்றது, 'தக்' என்னும் ஓசையோடு ஆளி மாறுகின்றது. அவ்வளவே. இணையம் இல்லை, கணக்கு இல்லை, கடவுச்சொல் இல்லை. அறிவுக்கருவி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின் இதனையன்றோ சொல்ல வேண்டும்! சோற்றின் பதத்தை அறியும் அறிவு அக் கலனுக்குள்ளேயே இருக்கின்றது. வாங்கியவர் வீட்டை விட்டு அது வெளியே போவதில்லை.

அழுத்தக்கலனும் அத்தகையதே. ஆவியின் அழுத்தம் மிகும்போது மேலிருக்கும் எடையைத் தூக்கிச் சீழ்க்கையடிக்கின்றது. மூன்று சீழ்க்கையா நான்கா என்று கூடத்தில் இருப்பவரும் எண்ணுகின்றனர். அடுத்த வீட்டாருங்கூட எண்ணலாம். இதனினும் விரைந்து செய்தி சொல்லும் செயலியை எவரும் இனிமேற்றான் எழுதவேண்டும்.

சரி, செயலி வழங்கும் ஏந்துதான் யாது? தொலைவிலிருந்து தொடக்கலாம் என்கின்றனர். எதனைத் தொடக்குவது? அரிசியைக் களைந்து கலத்திலிட்டு நீரளந்து ஊற்றியது ஒரு மாந்தக் கை. உளுந்தை ஊறவைத்ததும் ஆட்டுக்கல்லில் அள்ளியிட்டதும் மாந்தக் கை. மாவு திரளத் திரளத் தள்ளிவிட்டு, தெளிக்க வேண்டிய நீரைத் தெளித்து, விரலிடையே தொட்டுப் பதம் பார்ப்பதும் அக் கையே. இத்தனையும் முடித்தவர் குமிழைத் திருகுவதற்கு மட்டும் திறன்பேசியைத் தேடுதல் எற்றுக்கு? காலையிற் கலத்திலிட்டுச் சென்ற அரிசியை மாலையில் அலுவலகத்திலிருந்து வேகவைக்கலாம் என்பாரும் உளர். சித்திரைத் திங்களிற் சென்னையின் வெக்கையில் எட்டு மணிநேரம் நீரில் கிடந்த அரிசி புளித்து நாறும் என்பதைச் செயலி எழுதினோர் அறியார்போலும். அன்றியும், இன்ன நேரத்தில் தொடங்குக என்று முன்னரே குறித்துவைக்கும் கடிகைக்குமிழ் பல்லாண்டுகளாகவே கருவிகளில் இருந்து வருகின்றது.

வெதுப்படுப்புகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. தொலைவிலிருந்து மூட்டப்பெறும் அடுப்பு தீநேர்ச்சிக்கு இடமாகுமென்று அஞ்சி, அடுப்பின் மேலுள்ள 'தொலைவியக்க இசைவு' என்னும் குமிழை முதலில் கையால் அழுத்தியாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் அமைத்துள்ளன. அடுப்பைத் தொலைவிலிருந்து இயக்குதற்கு அடுப்பண்டை நடந்து செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். அவ் வச்சமும் பொய்யன்று. 2019-இல் அமெரிக்காவில், செயலியால் இயங்கும் வெதுப்படுப்புகள் சில, வீட்டார் உறங்கும் நள்ளிரவில் தாமே இயங்கிச் சூடேறின. பயன்படுத்துவோர் செயலியில் தவறுதலாகத் தொட்டிருக்க வேண்டுமென்று செய்த நிறுவனம் விளக்கம் தந்தது. இருக்கலாம். தலையணை அடியிற் கிடக்கும் திறன்பேசியில் விரல்படுதல் உலகில் நிகழாத ஒன்றன்று. குமிழ் வைத்த அடுப்பு அத்தகைய தவற்றுக்கு இடந்தருவதில்லை.

வாங்கியவர்களே இவ் வேந்தைப் பெரிதாக மதிக்கவில்லை என்பதற்கும் சான்றுண்டு. எல்சி நிறுவனம் விற்ற இணையக் கருவிகளுள் இணையத்தோடு பிணைக்கப்பெற்று இருப்பவை பாதிக்கும் குறைவே என்று அந் நிறுவனமே கூறியதாக 2023-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று எழுதியது. அஃதாவது, பெரும்பாலோர் பணங் கொடுத்து வாங்கிய ஏந்தை ஒருமுறையேனும் தொட்டுப் பார்க்கவில்லை, அல்லது தொட்டபின் கைவிட்டனர். அங்ஙனமாயின் நிறுவனங்கள் இதனை விடாது திணிப்பதேன்?

கட்டளை செல்லும் வழியைப் பார்த்தாற் கரணியம் விளங்கும். அடுக்களையில் நின்றுகொண்டு ஒருவர் திறன்பேசியைத் தொடுகின்றார். பல கருவிகளில், அத் தொடுகை இரண்டு முழத் தொலைவிலுள்ள அடுப்பிற்கு நேரே செல்வதில்லை. அது கடல்கடந்து, அந் நிறுவனத்தின் வழங்கிப் பொறிக்குச் சென்று, அங்கே இன்னார் கட்டளை என்று பதியப்பெற்று, இசைவு பெற்று, மீண்டும் கடல்கடந்து அடுப்பை அடைகின்றது. வீட்டிலுள்ளோர் எப்பொழுது எழுகின்றனர், எப்பொழுது உண்கின்றனர், எந்நாள் வீடு பூட்டிக் கிடக்கின்றது என்னும் செய்திகள் அங்கே சேர்கின்றன. நிறுவனம் இசைந்தால் அடுப்பு மூளும், இசையாவிடின் மூளாது. விலைகொடுத்தவர் உடைமையாளர் என்பது சீட்டில் எழுதியது. திறவுகோல் வேறொருவர் இடுப்பில் தொங்குகின்றது.

இது வெற்றச்சம் அன்று என்பதை அனோவா என்னும் நிறுவனத்தின் செயல் காட்டும். நீரை ஒரே வெப்பநிலையில் வைத்து உணவை மெல்ல வேகவிக்கும் கோல்வடிவக் கருவியை அது விற்றுவந்தது. கருவிக்கு ஒருமுறை விலை கொடுத்தால் போதும், செயலி விலையின்றிக் கிடைக்கும் என்றிருந்த நிலை 2024 ஆகத்துத் திங்களில் மாறிற்று. புதிதாகச் செயலியிற் சேர்வோர் திங்களுக்கு 1.99 தாலர், அல்லது ஆண்டுக்கு 9.99 தாலர் கட்டவேண்டும் என்று அறிவிக்கப்பெற்றது. கருவியை வாங்கியபின் அதற்குக் கட்டளையிடுவதற்கு வாடகை! 2025 செபுதம்பரிலோ, பத்தாண்டுகட்கு முன் விற்ற முதற் கருவிகளுக்குச் செயலித் துணையே நிறுத்தப்பெற்றது. அக் கருவிகள் பழுதடையவில்லை. அவற்றின் சூடேற்றி நன்றாகவே இருந்தது. கருவியின் தலையிலேயே கையால் இயக்கும் அமைப்பு இருந்தமையால் அவை முற்றும் பயனற்றுப் போகாமல் தப்பின. எள்ளப்பட்ட பழங்குமிழே இறுதியிற் கைகொடுத்தது.

குமிழ் இல்லாதவை அங்ஙனம் தப்புவதில்லை. வீட்டுக் கருவிகளை ஒருங்கிணைக்கும் 'இரிவால்வு' என்னும் பெட்டியை ஏறத்தாழ 300 தாலருக்கு வாங்கியோர் அமெரிக்காவில் இருந்தனர். அதனைச் செய்த நிறுவனத்தைக் கூகுளின் குழுமத்தைச் சேர்ந்த நெசுட்டு நிறுவனம் வாங்கியது. பின்னர், 2016 மே 15-ஆம் நாள் வழங்கிப் பொறியை நிறுத்திவிட்டது. அன்றே அப் பெட்டிகள் அனைத்தும் வெறும் நெகிழித் துண்டுகளாயின. இடியும் மழையும் வந்து கெடவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் ஓர் ஆளியை அணைத்தார்.

சூசெரோவின் கதையோ நகைப்புக்குரியது. 2016-இல் அமெரிக்காவில் அந் நிறுவனம் பழச்சாறு பிழியும் பொறி ஒன்றை 699 தாலருக்கு விற்கத் தொடங்கிற்று. நறுக்கிய பழமும் காயும் அடைத்த பைகளையும் அதுவே விற்றது. பொறி இணையத்தோடு பிணைந்திருக்க வேண்டும். பையின் மேலுள்ள குறியீட்டைப் படித்து, நாள் கடந்த பையாயின் பிழிய மறுத்துவிடும். முதலீட்டாளர் ஏறத்தாழ 12 கோடித் தாலர் கொட்டியிருந்தனர். 2017 ஏப்பிரலில் புளூம்பெர்க்குச் செய்தியாளர் அப் பையைக் கையாற் பிழிந்து பார்த்தனர். ஏறத்தாழ அதே அளவு சாறு, பொறியைப் போலவே விரைவாக வந்துவிட்டது. அவ் வாண்டு செபுதம்பரில் நிறுவனம் விற்பனையை நிறுத்திற்று. எலுமிச்சம்பழத்தைக் கையாற் பிழியும் எந்தத் தமிழச்சியும் அம் முதலீட்டாளர்க்கு முன்னரே அறிவுரை கூறியிருப்பாள்.

நிறுவனங்கள் விற்பனையோடு நிற்பதுமில்லை. குளிர்ப்பெட்டியின் கதவில் பெரிய திரையைப் பொருத்திய சாம்சங்கு நிறுவனம், அமெரிக்காவில் விற்ற அத்தகைய பெட்டிகளில் 2025-இல் ஆய்வளவில் விளம்பரம் காட்டத் தொடங்கிற்று. ஈராயிரம், மூவாயிரம் தாலர் கொடுத்து வாங்கிய பெட்டி, பால் எடுக்கச் செல்வாரிடம் வாணிகம் பேசுகின்றது. வாங்கிய நாளில் இல்லாத விளம்பரம், இணையவழி மென்பொருள் மாற்றத்தால் பின்னர் வந்து புகுந்தது. இதே நிறுவனத்தின் குளிர்ப்பெட்டி ஒன்றில், வீட்டாரின் கூகுள் மின்னஞ்சற் கடவுச்சொல்லைத் திருடுதற்கு இடமளிக்கும் ஓட்டை இருந்ததை 2015-இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். கீரையையும் மோரையும் காக்க வாங்கிய பெட்டி வீட்டின் கமுக்கத்தைக் காக்கவில்லை.

இவ் வோட்டைகளுக்கு அஞ்சியே பிரித்தானிய அரசு ஒரு சட்டம் இயற்றி 2024 ஏப்பிரல் 29 முதல் நடைமுறைப்படுத்தியது. எளிதிற் கண்டுபிடிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு இணையக் கருவிகளை விற்றலாகாது. பாதுகாப்புத் திருத்தங்கள் எத்துணைக் காலம் வழங்கப்பெறும் என்பதை விற்பவர் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். நல்ல சட்டமே. ஆயின் அதனுள் ஓர் ஒப்புதல் அடங்கியுள்ளது: இக் கருவிகளுக்கு அறிவித்த ஒரு முடிவுநாள் உண்டு. கோவை மின்னாட்டுக்கல்லுக்கு அப்படியொரு நாளை எவரும் குறித்ததில்லை. இருபதாண்டு ஓடிய ஆட்டுக்கற்கள் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் உள்ளன. வார் அறுந்தால் தெருமுனைப் பழுதுபார்ப்பவர் மாற்றித் தருகின்றார். கல் தேய்ந்தால் கொத்துகின்றனர். செயலி வழக்கிறந்தால் அப் பழுதுபார்ப்பவர் என் செய்வார்? அவரிடம் உள்ள திருப்புளி அங்கே நுழையாது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 2011-இல் தமிழ்நாட்டரசு மின்னரைப்பானும் மின்னாட்டுக்கல்லும் மின்விசிறியும் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஒற்றையெழுத்தும் அறியாத மூதாட்டியர் அவற்றை வாங்கிச் சென்று அன்றே இயக்கினர். குமிழில் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் குறிகள். வலப்புறம் திருப்பினால் ஓடும். வேறு கல்வி வேண்டியதில்லை. செயலியோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகின்றது. ஆங்கிலத்தில் இசைவு கேட்கின்றது. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் நெறிமுறைகளைக் காட்டி, "ஒப்புகின்றேன்" என்று தொடச் சொல்கின்றது. தான் எதற்கு ஒப்பினோம் என்பதை அறியாமலே ஒருத்தி தன் அடுக்களையின் செய்திகளை அயலார்க்கு எழுதிக் கொடுக்கின்றாள். அறுபதாண்டு சமைத்த கை, பேரன் பள்ளியிலிருந்து வந்து திறன்பேசியைத் திறந்து கொடுக்கும்வரை காத்திருக்கின்றது. இதனை ஏந்து என்று சொல்ல நா எழவில்லை.

செயலியால் மெய்யாகவே பயன்பெறுவோரும் உளர். அதனை மறைத்தல் முறையன்று. கண்பார்வையற்றோர்க்கு, இக்காலக் கருவிகளின் வழவழப்பான கண்ணாடித் தொடுபலகை ஒரு சுவரே. விரலுக்குத் தட்டுப்படும் மேடு அதில் இல்லை. எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் திறன்பேசி அவர்கட்குக் கண்ணாகின்றது. நடக்கவியலாது படுக்கையில் உள்ளோர்க்கும் அங்ஙனமே. வெந்நீர்ப் பொறியைப் போல மிகுதியான மின்னாற்றலை உண்பவற்றை, மின்விலை குறைந்த வேளை பார்த்து இயக்குதலும் அறிவுடைமையே. இவர்கட்காகச் செயலியைக் கூடுதலாக வைப்பதை எவரும் தடுக்க வேண்டுவதில்லை. ஆனால் கண்ணற்றோரை இடர்ப்படுத்திய தொடுபலகையை வைத்ததும் அதே நிறுவனங்கள்தாம் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். மேடெழுந்த குமிழ் இருந்தவரை அவர்கள் எவர் துணையுமின்றி இயக்கினர்.

கூடுதலாக வைப்பது வேறு; உள்ளதைப் பிடுங்கிச் செயலிக்குள் ஒளித்துவைப்பது வேறு. இவ் விரண்டாவதே இன்று பரவுகின்றது. பெயர்பெற்ற செருமானிய நிறுவனம் ஒன்றின் ஏனங்கழுவும் பொறியில், வெறுமனே அலசுதலும் நேரங்குறித்துத் தொடங்குதலும் செயலியில்லாமல் செய்யவொண்ணாதவை என்பது 2025-இல் அமெரிக்காவிற் பேசுபொருளாயிற்று. பொறியின் உடலிலே குமிழ் வைக்கும் சிறுசெலவை மிச்சம்பிடித்து, வாங்கியவரைக் கணக்குத் தொடங்கச் செய்யும் தந்திரம் அது.

சிறு கணக்கொன்றும் உண்டு. இணையத்தோடு எப்பொழுதும் பேசிக்கொண்டிருக்க வேண்டிய கருவி, சமைக்காதபோதும் சிறிதளவு மின்னாற்றலை உண்டுகொண்டே இருக்கும். ஒரே ஒரு வாட்டு என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டிற்கு 8.76 மின்னலகு ஆகின்றது; வீட்டிற் பத்துக் கருவிகள் அங்ஙனம் விழித்திருப்பின் 87 அலகுக்கு மேல். குமிழ் அணைந்தபின் ஒன்றும் உண்பதில்லை.

கோவை மின்னாட்டுக்கல்லுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அங்குள்ள பட்டறையாளர் இன்றும் புதுக்கருவிகளைப் படைக்கின்றனர். அயல்நாட்டு நிறுவனங்களைப் பார்த்து அவர்களும் செயலியை ஒட்டவைக்கும் மயக்கத்திற்கு ஆட்படலாம். அவர்களுடைய அறிவுக்குக் காத்திருக்கும் மெய்யான பணிகள் பல. ஆட்டுக்கல்லின் இரைச்சல் இன்னும் குறையவில்லை. கல்லைத் தூக்கிக் கழுவுவது முதியவர்க்கு இன்னும் பெரும்பாடே. மாரிக்காலத்திற் புளிக்காத மாவையும் கோடையிற் பொங்கி வழியும் மாவையும் ஒருநிலைப்படுத்தும் எளிய கலன் ஒன்றை எவரேனும் செய்தால், இட்டலி அவிக்கும் வீடெல்லாம் அவரை வாழ்த்தும். மினாமியின் மனைவி உலைமுன் நின்று கண்டதுபோல், அதற்குரிய வழியும் அடுக்களையில் நிற்போர்க்கே புலப்படும்.

வாங்குவோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆடித் தள்ளுபடியிலோ, மகளுக்குச் சீர்வரிசை எடுக்கும்போதோ, செயலிக் கருவியை நீட்டும் கடைக்காரரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம்: இணையம் அறுந்த நாளில் இது முழுமையாக இயங்குமா? செய்த நிறுவனம் மூடப்பெற்றால் இது என்னாகும்? இன்று விலையின்றித் தருவதற்கு நாளை கட்டணம் கேட்கமாட்டார் என்று எழுத்தில் தருவீரா? கடைக்காரர் விடைசொல்லத் தயங்குவாராயின், பக்கத்து அடுக்கில் குமிழ் வைத்த கருவியொன்று இருக்கும். விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.